அத்தை பறந்த மலை

"இந்த லீவுக்கு பீர் போகலாமா?" என்று இவர் ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டதும், பரிமாறிக் கொண்டிருந்த என் மாமியாரின் கை அப்படியே நின்று விட்டது. "என்னடா பேச்சு இது, குழந்தையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு!"

நீங்களும் பதற வேண்டாம். பீர் என்பது ஓர் ஊர். இமாசலப் பிரதேசத்தில், காங்க்ரா பள்ளத்தாக்கில், தௌலாதார் மலைத் தொடரின் காலடியில் இருக்கிறது. அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர் வளைந்து வளைந்து மேலே ஏறினால் பில்லிங் என்கிற புல்வெளி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2400 மீட்டர் உயரம். பெரிய துணி இறக்கை ஒன்றை உடம்போடு பூட்டிக் கொண்டு அந்தச் சரிவில் ஓடிக் காற்றில் கிளம்பி, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே பீரில் வந்து இறங்குகிறார்கள். இதற்குப் பாராகிளைடிங் என்று பெயர். 1978-ல் பிரான்சில் மியூசி என்ற மலைக் கிராமத்தில், பாராசூட்டைக் கட்டிக் கொண்டு மலைச் சரிவிலிருந்து ஓடிப் பார்த்தவர்கள் ஆரம்பித்து வைத்த விளையாட்டு இது. 2015-ல் இதன் உலகக் கோப்பைப் போட்டி பில்லிங்கிலேயே நடந்தது.

நாங்கள் இருப்பது டில்லியில். அத்தை திருச்சியில். மாமா தவறிப் போய் இரண்டு வருஷமாகிறது. கோடை விடுமுறைக்கு மட்டும் எங்களோடு வந்து இருப்பார். வயது 61. ரத்த அழுத்தத்துக்கு தினம் ஒரு மாத்திரை. டில்லியின் மே மாத வெயிலுக்கு அவரை வைத்துக் கொண்டு என்ன செய்வது என்று யோசித்துத்தான் இந்தப் பயணமே. பறக்கிற எண்ணம் இவருக்கு மட்டும் மனசின் ஓரத்தில் இருந்தது. எனக்கு இல்லை. நான் மொட்டை மாடியில் நின்று எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற ரகம்.

ராத்திரி பஸ் ஏறி, விடிந்து வெகு நேரம் கழித்து பீரில் இறங்கினோம். இறங்கியதும் குளிர்ந்த காற்று. படிக்கட்டு மாதிரி வெட்டிய வயல்களில் கோதுமை அறுவடை நடந்து கொண்டிருந்தது. பழைய வீடுகளுக்கு ஓட்டுக்குப் பதில் சாம்பல் நிற ஸ்லேட் பலகைக் கற்கள். ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம், இன்னொரு பக்கம் திபெத்தியக் குடியிருப்பு. அவர்கள் கோயில்களைச் சுற்றி ஐந்து நிறத்தில் கொடிகள் படபடக்கின்றன. மோமோ கடைகளுக்குக் கணக்கே இல்லை. காய்கறி மோமோவை ஒரு வாய் கடித்து விட்டு, "நம்ம காரக் கொழுக்கட்டைதான். தாளிக்க மறந்துட்டாங்க" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்.

முதல் நாள் நான் செய்த தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. சரி, மெதுவாகப் போகலாம் என்று துணி துவைத்து, மொட்டை மாடியில் காயப் போட்டு, பொடியனுக்கு ஊட்டி, ஜீப்பில் பில்லிங் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. மலையில் மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குளிர்ச்சி கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் பல் கிடுகிடுத்தபோதுதான் நினைவுக்கு வந்தது. ஸ்வெட்டரெல்லாம் கீழே அறையில்!

புல்வெளியில் வண்ண வண்ணமாக இறக்கைகள் விரித்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தலையணை உறைகளை வரிசையாகத் தைத்த மாதிரி இருக்கிறது. முன் பக்கம் திறந்த வாய். ஓடும்போது அதன் வழியே காற்றுப் புகுந்து உப்பிக் கொண்டால்தான் அது இறக்கை. இல்லாவிட்டால் வெறும் நைலான் துணி. பயணி முன்னால், ஓட்டுகிற பைலட் பின்னால், இரண்டு பேரும் ஒரே இறக்கையில் தொங்க வேண்டும்.

நான் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக் கொண்டிருக்கும்போது அத்தை என் முழங்கையைத் தொட்டார். "ஏம்மா, நானும் போகட்டுமா?"

விளையாட்டு என்று நினைத்து, "உங்களுக்கு ப்ரஷர் இருக்கே அத்தை" என்றேன். அவர் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். திருச்சியில் அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் எழுதிக் கொடுத்தது. அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மாத்திரை தவறக் கூடாது, மற்றபடி தடையில்லை. தேதியைப் பார்த்தேன். அன்று ராத்திரி இவர் பேச்சை எடுப்பதற்கும் ஒரு வாரம் முந்தியது! கை நின்றது, பதறியது எல்லாம் நடிப்பா? பேரன் போனில் உளறியிருக்கிறான்.

இவரைப் பார்த்தேன். "நீயே சொல்லும்மா" என்று சொல்லி விட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்து விட்டார். ஆண்களுக்கு இது ஒரு வசதி.

நாங்கள் ஏற்பாடு செய்திருந்த பைலட் அந்த ஊர்ப் பையன். அவன் எங்களைப் பார்க்கவே இல்லை; முதுகுக்குப் பின்னால் இருந்த மலையைத்தான் பார்த்தான். பதினோரு மணிக்குப் பஞ்சு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த மேகம், இப்போது காலிஃப்ளவர் மாதிரி மேல் நோக்கி வளர்ந்திருந்தது. அடிப்பக்கம் கரிச் சட்டி நிறம். காற்றின் திசை காட்டுகிற துணிக் குழாய் ஒரு நிமிஷம் இந்தப் பக்கம், மறு நிமிஷம் அந்தப் பக்கம். "இன்றைக்கு வேண்டாம், மாதாஜி" என்று ஹிந்தியில் சொல்லி, வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்து விட்டான்.

ஏன் என்று இவர் கேட்டதற்கு அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். வெயில் பட்டு மலைச் சரிவு சூடாகிறது. சூடான காற்று மேலே ஏறுகிறது. அந்த ஏறுகாற்றுதான் இறக்கையைத் தூக்கிக் கொண்டு போகிறது. அளவோடு இருக்கும் வரை நல்லது. கோடையில் மதியத்துக்கு மேல், ஈரமும் சேர்ந்து கொண்டால், அதே ஏறுகாற்று இடி மேகமாகத் திரண்டு விடும். இட்லிப் பானை மூடியை ஆவி தூக்கி அடிக்கிறதே, அந்த மாதிரி. அதன் கீழே மாட்டினால் மேகத்துக்குள்ளேயே உறிஞ்சிக் கொண்டு போய் விடும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனிலா என்ற ஊரில் ஜெர்மன் அணியைச் சேர்ந்த ஏவா விஸ்னியர்ஸ்கா என்ற பெண் இப்படி இழுக்கப்பட்டு, 9900 மீட்டருக்கும் மேலே போய், மயங்கிய நிலையிலேயே மிதந்து, உறைபனியோடு உயிர் பிழைத்து இறங்கினார். எவரெஸ்டை விட உயரம்! அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் பிழைக்கவில்லை.

இதற்குள் இன்னொரு கம்பெனி ஆள் வந்து விட்டார். "பதினைந்து நிமிஷம்தானே, அந்த மேகம் இந்தப் பக்கம் வராது. அம்மாவை நான் அழைத்துப் போகிறேன்" என்றார். அத்தையின் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்தார்.

"வேண்டாம் அத்தை" என்றேன்.

"அவன் சின்னப் பையன், பயப்படறான். இவர் அனுபவஸ்தர் மாதிரி இருக்காரே?"

"வேண்டாம் அத்தை."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக் கொண்டார். "உங்க மாமா இருந்திருந்தா கூட்டிட்டுப் போயிருப்பார்" என்றார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஜீப்பில் கீழே இறங்கும் வரை யாரும் பேசவில்லை.

அறைக்கு வந்த சற்று நேரத்தில் பிடித்தது பாருங்கள், காற்று! அதன் பின்னால் ஆலங்கட்டி மழை. மொட்டை மாடியில் துணியெல்லாம் சுருண்டு ஒரு மூலையில். பயந்து போன பொடியனுக்கு மின்னலையும் இடியையும் எண்ணக் கற்றுக் கொடுத்தேன். மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ண வேண்டும். மூன்று செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெட்டவெளியில் நிற்கக் கூடாது, மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் உள்ளேயே இருப்பது உத்தமம்.

சாயங்காலம் டீக்கடையில் கேள்விப்பட்டேன். எங்களுக்குப் பின் அந்தக் கம்பெனியோடு கிளம்பிய ஓர் இளம் ஜோடியில், அந்தப் பெண் வந்த இறக்கையைக் காற்று தள்ளிக் கொண்டு போய் எங்கோ ஒரு படிக்கட்டு வயலில் இறக்கி விட்டதாம். நல்ல வேளை, கணுக்கால் எலும்பு முறிவோடு போயிற்று. நான் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஆனால் விடுதிக்கார அம்மாள் அத்தையிடம் சொல்லி விட்டிருக்கிறார். ராத்திரி அத்தை என் பக்கத்தில் ஒரு தம்ளர் டீயை வைத்தார். மன்னிப்பு, சமாதானம் எதுவும் இல்லை. "எங்க புத்தியை என்ன சொல்றது. வடாம் பிழியறவ பத்து மணிக்கா எழுந்து மாவு கிளறுவா? அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும். மதியம் மழை வரும்னு தெரிஞ்ச மாசம் இது" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஐந்துக்கே எழுந்தும் பயனில்லை. மேற்கிலிருந்து வந்த மேகம் நாள் முழுக்கத் தூறியது. இந்த மாதிரி நாளுக்கும் அங்கே இடமுண்டு. அரை மணி தூரத்தில் பைஜ்நாத் கோயில். வைத்தியநாதர்தான் அங்கே பைஜ்நாத். நம் வைத்தீஸ்வரன் கோயில் சுவாமியின் பேர்! 1204-ல் இரண்டு வணிகச் சகோதரர்கள் கட்டியதாகக் கல்வெட்டு. ராவணன் தவம் செய்த இடம் என்பதால் தசராவுக்கு அந்த ஊரில் மட்டும் ராவணனைக் கொளுத்துவதில்லையாம். பாலம்பூர் பக்கத்தில் அந்த்ரேட்டா என்ற கிராமத்தில் மண்பாண்டக் கலைஞர்கள் இருக்கிறார்கள். பொடியன் ஒரு மணி நேரம் களிமண்ணில் புரண்டான். திரும்பும்போது ஓர் ஓடையில் கால் நனைக்கலாம் என்று இறங்கியவர்களை அங்கிருந்த கிழவர் ஒருவர் கத்தி மேலே ஏற்றினார். இங்கே தூறல் என்றாலும் மலையுச்சியில் கொட்டியிருந்தால் ஓடை ஒரே நொடியில் பெருகி விடுமாம். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் விடிகாலை. கழுவி விட்ட மாதிரி வானம். முன்பு வேண்டாம் என்று சொன்ன அதே பையனைத் தேடிப் பிடித்தோம். உரிமச் சீட்டைக் காட்டச் சொன்னேன். சிரித்துக் கொண்டே காட்டினான். அவசரத்துக்கு இரண்டாவது பாராசூட் இருக்கிறதா என்று கேட்டேன், தட்டிக் காட்டினான். டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தான், எடை கேட்டான். கர்ப்பிணிகள், இதய நோய், வலிப்பு, முதுகு கழுத்துக் கோளாறு உள்ளவர்கள், அறுவை சிகிச்சையாகிச் சில மாதமே ஆனவர்கள் (சிசேரியனும் சேர்த்தி) இதற்கு ஆசைப்படக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, வெறும் வயிறும் ஆகாது. அத்தை இரண்டு பிஸ்கட்டும் மாத்திரையும் சாப்பிட்டிருந்தார்.

சேலையோடு பறக்க முடியாது. என் சல்வார் கம்மீஸும், இவருடைய ஸ்வெட்டரும், கடன் வாங்கிய ஷூவும் போட்டுக் கொண்டு வாழ்நாளில் முதல் தடவையாக அத்தை அப்படி வெளியே வந்தார். இவர் சிரிக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல், குழந்தையைத் தூக்கிக் கொண்டு இறங்குகிற மைதானத்துக்குப் போய் விட்டார். மேலே நானும் அத்தையும்தான்.

தொடைப் பட்டை இரண்டு, மார்புப் பட்டை, தலைக்கவசக் கொக்கி. ஒவ்வொன்றையும் நானும் இழுத்துப் பார்த்தேன். "ஓடணும், உட்காரக் கூடாது, கால் தரையை விட்ட பிறகும் ஓடணும்" என்று பையன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "மாவு மில்லுக்கு ஓடாத ஓட்டமா" என்றார் அத்தை. ஆனால் என் கையைப் பிடித்திருந்த கை சில்லென்று இருந்தது.

காற்று எதிரே மெல்ல வந்தது. இறக்கை தலைக்கு மேல் எழுந்தது. அத்தை ஆறு எட்டு ஓடியிருப்பார். ஏழாவது எட்டுக்குத் தரை இல்லை.

மடித்த சேலையையும் கைப்பையையும் மார்போடு வைத்துக் கொண்டு நான் நின்றேன். சிவப்பு இறக்கை சின்னதாகிக் கொண்டே போயிற்று. பக்கத்தில் எட்டொன்பது அடி அகல இறக்கையோடு ஒரு மலைக் கழுகு, அதே ஏறுகாற்றில் வட்டமிட்டது. பிறகு மேட்டின் மறைவில் இரண்டுமே தெரியவில்லை. அந்தப் பத்தொன்பது நிமிஷத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. இவருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதை விட, திருச்சியில் மாமா படத்துக்கு முன்னால் எப்படி நிற்பேன் என்றுதான் மனம் ஓடிற்று. போன் அடித்தது. "இறங்கியாச்சு" என்றார் இவர். மேற்கொண்டு அவருக்குப் பேச்சு வரவில்லை.

ஜீப்பில் நான் போய்ச் சேர முக்கால் மணி ஆயிற்று. அத்தை புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து பேரனோடு வேர்க்கடலை தின்று கொண்டிருந்தார்.

"எப்படி இருந்தது அத்தை?"

"சத்தமே இல்லம்மா. காத்து மட்டுந்தான்." கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார். "உங்க மாமாகிட்ட சொல்லணும்னு தோணிச்சு. சொன்னேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "விடுதி மாடியில நீ காயப் போட்ட துண்டெல்லாம் தெரிஞ்சுது. அந்தப் பச்சைத் துண்டுக்கு கிளிப் போடலை நீ" என்றார்.

மலையில் கோடைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று: ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக் காலத் தடை, அப்போது அங்கே பறக்கவே விடுவதில்லை. அக்டோபரில் வானம் இன்னும் நிதானமாக இருக்குமாம்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு மறுபடி காலிஃப்ளவர் மேகம். நான் பெட்டி கட்டிக் கொண்டிருந்தேன். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முன்னால் பொடியன், பின்னால் சல்வாரை இன்னும் மாற்றாத அத்தை. "எண்ணுடா, எண்ணுடா!" என்கிறார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..." ஐந்து சொல்வதற்குள் இடி. துண்டுகளை வாரிக் கொண்டு இரண்டு பேரும் கீழே ஓடி வந்தார்கள்.