கேஸ்கெட்டை மாற்றச் சொன்னது நான்தான்

நான் எழுதிய அந்த அறிக்கையில் பொய் வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. பால் நுண்ணுயிரியல் தெரிந்தவர்கள் இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் தலையாட்டுவார்கள். எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பவை. அவற்றை வைத்து நான் செய்த காரியம்தான் பொய்.

கொங்குப் பக்கத்தில் ஒரு பால் பதனிடும் ஆலை. அதன் தர ஆய்வகத்துக்கு நான் பொறுப்பு. அங்கே முதுநிலைப் பட்டம் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. பெருமை என்பது கௌரவமான சொல், இருந்தது தலைக்கனம். ஃபிட்டரோ ஷிஃப்ட் சூப்பர்வைசரோ ஏதாவது சொல்ல வந்தால், பாதியிலேயே விடை சொல்லி அனுப்பிவிடுவேன். பாக்கிங் மெஷின் ஓட்டிய பையன் ஒருநாள் வந்து, "மேடம், மூணாவது ஹெட்டுல ஒரு வாடை வருது" என்றான். காஸ்டிக் வாடையாக இருக்கும், தண்ணீர் விட்டு அலசு என்றேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

வாரம் ஒருமுறை ஸ்வாப் எடுக்க வேண்டும். பால் பாக்கெட்டுக்குள் இறங்கும் நாசில், சேமிப்பு டேங்கின் வால்வு, குழாய் மூட்டுகளில் உள்ள ரப்பர் கேஸ்கெட் எல்லாவற்றிலும் பஞ்சால் துடைத்து எடுத்து, தட்டில் வளர்த்து, முடிவைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கோடையில் நான் ஸ்வாப் எடுக்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன். 'வளர்ச்சி இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். ஆள் பற்றாக்குறை இருந்தது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை தயாரித்துக்கொண்டிருந்தேன். ஸ்வாப் எடுப்பது உதவியாளர் வேலை என்று நினைத்தேன். உதவியாளர் இல்லாதபோது அது யார் வேலை என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பாக்கெட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. பால் திரியவில்லை, புளிக்கவில்லை. கசந்தது. ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்தால் போதும், வாயில் வைக்க முடியாது. காபிக் கசப்பு என்று நினைத்து முதலில் விட்டுவிட்டார்களாம். குழந்தைக்கு வெறும் பாலை ஆற்றிக் கொடுத்தபோதுதான் தெரிந்ததாம். ஏஜென்ட்டுகள் சொன்னார்கள்.

இந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் கட்டுரையே அதைப் பற்றியதுதான். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குளிரிலும் பெருகும். நாம் பாலைக் காக்க வைக்கும் 4 டிகிரி அதற்குத் தடையில்லை. அது சுரக்கும் நொதி பாலின் கேசீன் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகள் கசக்கும். இந்தப் பாக்டீரியா 72 டிகிரியில் 15 விநாடி என்ற பதப்படுத்தலுக்குத் தாங்காது, செத்துவிடும். நொதி சாகாது. 135 டிகிரிக்கு மேல் சூடாக்கி அட்டைப்பெட்டியில் அடைக்கும் பாலில்கூட அந்த நொதியின் மிச்சம் வேலை செய்வதுண்டு.

ஆகவே கசப்புக்கு இரண்டு வழிகள். பச்சைப் பால் பல நாள் குளிரில் கிடந்து, பாக்டீரியா மில்லிக்குப் பத்து லட்சத்தையும் தாண்டிப் பெருகி, நொதியைச் சேர்த்துவைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், பதப்படுத்திய பிறகு ஆலைக்குள்ளேயே பாக்டீரியா புகுந்திருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழைய, எளிய சோதனைகள் போதும். பாஸ்பட்டேஸ் சோதனை செய்தேன். சூடு சரியாக ஏறியிருக்கிறது என்றது. கோலிபார்ம் தட்டு வைத்தேன். மறுநாள் இன்குபேட்டரைத் திறந்து தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். கருஞ்சிவப்புப் புள்ளிகள். கோலிபார்மும் அந்தச் சூட்டில் சாகிற இனம்தான். பாக்கெட்டில் அது உயிரோடு இருந்தால், சூட்டுக்குப் பிறகு வந்தது என்று பொருள். டிப்ளமா மாணவர்களுக்கு நானே நடத்திய பாடம் இது.

அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் மனதில் ஓடியதைச் சொல்ல வேண்டும். ஜனங்கள் இந்தப் பாலைக் குடிக்கிறார்களே என்பது ஓடவில்லை. ஸ்வாப் பதிவேடு ஓடியது. சூட்டுக்குப் பிந்திய கலப்பு என்று சொன்னால் அடுத்த நிமிஷம் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். அதில் என் கையெழுத்து. சுத்தம், சுத்தம், சுத்தம் என்று வாரா வாரம். எண்ணிக்கையை என் சொந்த நோட்டில் குறித்துக்கொண்டேன். வேறு யாரும் பார்ப்பதற்குள் தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டேன். எண்ணி முடித்த தட்டுகளை அப்படி அழிப்பது வழக்கம்தான். வழக்கம் என்பதால் யாரும் கேட்கவில்லை.

மாலையில் கூட்டம். மேலாளர் என்னைப் பார்த்து, "எந்த ரூட்டு மேடம்?" என்றார். ஆலைக்குள் தப்பு இருக்கலாம் என்ற எண்ணமே அந்த அறையில் யாருக்கும் இல்லை. கெட்டது வெளியிலிருந்துதான் வரும். நான் வாயைத் திறந்து ஒரு பால் வண்டி ரூட்டைச் சொன்னேன்.

கடைசியாக வந்து சேரும் வண்டி அது. அந்தக் கிராமங்களில் மொத்தக் குளிர்விப்பான் கிடையாது. கறந்த பால் கேனில் அப்படியே வெயிலில் வரும். மெத்திலீன் நீலச் சோதனையில் அதன் முடிவு எப்போதும் மோசம். 10 மில்லி பாலில் 1 மில்லி நீலச்சாயம் கலந்து 37 டிகிரியில் வைத்தால், கிருமி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் நீலம் வெளுக்கும். நல்ல பால் ஐந்து மணி நேரம் தாங்கும். இந்தப் பால் அரை மணி தாங்காது. அந்தத் தாள்களை அறிக்கையோடு இணைத்தேன். பச்சைப் பாலில் அதிகக் கிருமி, சூட்டுக்குத் தாங்கும் நொதி, அதனால் கசப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியே உண்மை.

மூன்றையும் சேர்த்தால் பொய். குளிரில் கிடந்த பாலில்தான் சூடோமோனாஸ் அப்படிப் பெருகும். அந்த ஊர்ப் பால் குளிரையே பார்த்ததில்லை. வெயிலில் வரும் பால் புளிக்கும், கசக்காது. இதை மறுத்துக் கேட்க அறையில் ஆள் இல்லை. இல்லை என்று தெரிந்துதான் எழுதினேன்.

மறுநாளிலிருந்து அந்த ரூட்டின் முக்கியமான பால் கூட்டுறவுச் சங்கத்துக் கேன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. பால் ஊற்றியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு மாடு, மிஞ்சினால் இரண்டு. பட்டுவாடாப் பணத்தை நம்பித் தவிடும் பருத்திக்கொட்டையும் கடனுக்கு வாங்கியிருப்பவர்கள். கொஞ்ச நாளில் சங்கச் செயலாளர் ஒரு வயதான அம்மாவோடு என் ஆய்வகத்துக்கு வந்தார். செயலாளர் தயங்கி நின்றார். அந்த அம்மா தயங்கவில்லை.

"ஏனுங் அம்மிணி, எங்க சங்கத்துப் பால மட்டும் எதுக்குங்க திருப்பி உடறீங்க? பாத்திரம் பண்டமெல்லாம் சாம்பல் போட்டுத் தேச்சுத்தானுங்க வெக்கறோம். இன்னும் எப்பிடித் தேய்க்கோணுமுன்னு சொல்லுங்க, செய்யறோம்."

நான் சொன்னேன். மடியைக் கழுவ வேண்டும், சுத்தமான துணியால் ஒற்ற வேண்டும், முதலில் வரும் பாலைத் தனியே கறந்து கொட்ட வேண்டும், கேனை வெந்நீரில் அலசிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். தூய பால் உற்பத்தி பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றையும் கொடுத்தேன். என் நாசிலை நான் துடைக்காத அந்தக் கோடையில் அவருக்குச் சுத்தம் கற்பித்தேன். அவர் கவனமாகக் கேட்டார். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. எப்போது கிளம்புவார் என்றுதான் இருந்தது.

இங்கே நிறுத்தினால் கோழை என்று மட்டும் தீர்ப்பாகும். அது போதாது.

பாக்கெட் கசப்பு நிற்கவில்லை. நின்றால்தான் என் அறிக்கை நிற்கும். ஒரு ராத்திரி ஷிஃப்டில் ஆய்வக ஆட்களை அனுப்பிவிட்டு நானே வரிசையாக மாதிரி எடுத்தேன். பதப்படுத்தும் கருவி தாண்டிய இடத்தில் சுத்தம். சேமிப்பு டேங்கில் சுத்தம். பாக்கிங் மெஷினில், மூன்றாவது ஹெட்டில், தட்டு நிறையப் புள்ளிகள். ஃபிட்டரைக் கழற்றச் சொன்னேன். கேஸ்கெட் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் பழுப்பாக, வழுவழுவென்று ஒரு படலம். காஸ்டிக்கும் ஆசிடும் தினமும் அந்தக் குழாய்க்குள் ஓடின. அந்த ரப்பர் வெடிப்புக்குள் போகவில்லை. பையன் சொன்ன வாடை அங்கே இருந்தது. புதிது மாட்டச் சொன்னேன். "என்னன்னு எழுதறது மேடம்?" என்று ஃபிட்டர் கேட்டார். வழக்கமான பராமரிப்பு என்று எழுதச் சொன்னேன்.

கசப்பு நின்றது. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: அந்த ரூட்டை நிறுத்தினோம், பாருங்கள், சரியாகிவிட்டது. நான் புன்னகைத்தேன். கேஸ்கெட் மாற்றியதால் சரியான பால், சங்கத்தின் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. அதோடும் நான் விடவில்லை. கருத்தரங்கில் அதைக் களச் சான்றாகக் காட்டிப் பேசினேன். கை தட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் மட்டும் கோலிபார்ம் எண்ணிக்கை என்ன என்று கேட்டார். தரவு கைவசம் இல்லை என்றேன். நோட்டு என் பையில் இருந்தது.

உணவுப் பாதுகாப்பு என்று பார்த்தால் நான் செய்தது இதைவிடப் பெரியது. சூட்டுக்குப் பிறகு கோலிபார்ம் நுழையும் வழியில் லிஸ்டீரியாவும் நுழையும், சால்மோனெல்லாவும் நுழையும். 1985இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பதப்படுத்திய பாலால் சால்மோனெல்லா பரவி, ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டுமே 16,000க்கு மேல். பச்சைப் பாலும் பதப்படுத்திய பாலும் கலக்க வழிவிட்ட ஒரு குழாய் இணைப்பின் மீதுதான் ஆய்வாளர்களின் சந்தேகம் விழுந்தது. பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் இந்தக் கதையை நான் சொல்வேன். என் மெஷினில் வெடிப்பைப் பார்த்தபோது அந்தப் படலத்தில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று நான் சோதிக்கவில்லை. சோதித்தால் எழுத வேண்டியிருக்கும். நம் ஊரில் பாலைக் காய்ச்சாமல் யார் குடிக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதக் கை வருகிறது. தேடாதவளுக்கு அப்படி எழுத உரிமை இல்லை.

சங்கத்துப் பெண்கள் தனியார் வியாபாரிக்கு ஊற்றினார்கள். வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்ததும் அவர் விலையைக் குறைத்தார். சிலர் கறவை மாட்டையே விற்றார்கள். என்னைப் பார்க்க வந்த அந்த அம்மாவும் விற்றார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அண்மையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், என் அறிக்கையை மேற்கோள் காட்டி இன்னொரு கிராமத்துப் பாலைத் திருப்பி அனுப்பலாமா என்று என்னிடமே கேட்டாள். அன்றைக்குத்தான் நோட்டை வெளியே எடுத்தேன். மனம் திருந்தி எடுக்கவில்லை. அவள் கோலிபார்ம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், இதற்கு மேல் மறைக்க வழியில்லை. எண்களையும், எடுக்காத ஸ்வாப்களையும், கேஸ்கெட்டையும் எழுதி மேலிடத்துக்குக் கொடுத்துவிட்டேன். திருப்பி அனுப்பிய பாலுக்கு நஷ்டம் கணக்கிட வேண்டுமானால் சங்கத்தின் கொள்முதல் பதிவேடு வேண்டும் என்கிறார்கள். சங்கம் மூடியாகிவிட்டது. பதிவேடு பழைய செயலாளர் வீட்டில் இருக்கலாம். அவரிடம் போய்க் கேட்க வேண்டியவள் நான். இன்னும் போகவில்லை.