நேப்பிள்ஸ் நகரத்துப் போறணைகள்

இத்தாலி தேசத்தின் தென்பாகத்திலே, வெசூவியஸ் எரிமலைக்கு அணித்தாய்க் கடலோரமாகக் கிடக்கின்றது நேப்பிள்ஸ் நகரம். அதன் பழம்பகுதியிலுள்ள திரிபுனாலி வீதி மிக ஒடுங்கியது. நண்பகல் வேளையில் நாம் அவ்வழியே நடந்தபோது, பீட்சாக் கடைகளின் வாயில்தோறும் மக்கள் கூடி நிற்பதைக் கண்டோம். நாலாக மடித்துக் கடதாசியிற் சுற்றித் தந்ததை நின்றபடியே உண்பாரும் உளர்.

பீட்சா இன்று கொழும்பிலும் கிடைக்கின்றது. ஆயினும் இவ்வூரில் உண்டவர்கள் வேறிடத்துப் பீட்சாவை அத்துணை மெச்சுவதில்லை. காரணம் யாது?

மண்ணே காரணம் என்பர் பலர். சார்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் எரிமலை மண்ணில் விளையும் சான் மார்சானோ தக்காளி, சதைப்பற்று மிகுந்து விதை குறைந்தது. கம்பானியாப் பகுதியில் எருமைப் பாலிற் செய்யும் மொற்சரெல்லாப் பாற்கட்டியும் பேர்பெற்றது. எருமைத் தயிரின் சுவை அறிந்த நமக்கு அதன் கொழுமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால், இவ்விரண்டும் இப்பொழுது தகரத்திலும் குளிர்பெட்டியிலும் அடைபட்டு உலகெங்கும் செல்கின்றன. பொருள் மட்டுமே காரணமாயின், எல்லா ஊர்ப் பீட்சாவும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டுமன்றோ?

போறணையை நோக்குவோம். செங்கல்லாற் குவிமாடம்போற் கட்டி விறகிட்டு எரிக்கும் நேப்பிள்ஸ் போறணையின் வெப்பம் 430 முதல் 480 பாகை சென்ரிகிரேட் வரை இருக்கும். அதனுள் இட்ட பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். விளிம்பு பொங்கி ஆங்காங்கே கருகும். நடுப்பகுதியோ ஈரம் வற்றாது மெத்தென்றிருக்கும். நம் வீட்டு மின்போறணை 250 பாகைக்கு மேற் செல்வது அரிது. அதில் வேக எட்டுப் பத்து நிமிடமாகும். அதற்குள் ஈரம் வற்றி மா இறுகிவிடும். எத்துணை விலையுயர்ந்த தக்காளியும் இக்குறையைத் தீர்க்காது.

நியூயோர்க் நகரத்தார் தம் பீட்சாவின் சிறப்புக்குத் தண்ணீரே காரணம் என்று பெருமை பேசுவர். காட்ஸ்கில் மலைப்புறத்திலிருந்து வரும் அந்நீர் மென்மையானது என்பது உண்மை. நீரிலுள்ள தாதுப்பொருள் மாவின் இழுவையைச் சிறிது மாற்றும் என்பதும் உண்மை. எனினும் நீரின் பங்கு அற்பம் என்பதே நம் துணிபு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய இத்தாலியர் நிலக்கரிப் போறணைகளிற் பீட்சா சுட்டுப் பழகினர். அவர்தம் கைகளுக்குரிய புகழைக் குழாய்நீர் தட்டிக்கொண்டு போகின்றது!

மாவைப் பிசைந்து, எட்டு மணி நேரமேனும் புளிக்கவிட்டு, உருளைக்கட்டை தொடாது விரல்களாலேயே காற்றை விளிம்புக்கு ஒதுக்கிப் பரப்புவது பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. வெயிலுக்கும் குளிருக்கும் மாவின் பதம் மாறும். நம்மூர் அப்பம் சுடுவோர் இதனை நன்கறிவர். 2017 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது பீட்சாவை அன்று, அதனைச் சுடுவோரின் கைத்தொழிலையே.

உண்போர்க்கும் இதிற் பங்குண்டு. பீட்சா நெடுங்காலம் ஏழைகளின் உணவு. இன்று உண்டு எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கும் வழக்கமும் அங்கிருந்தது. 1954 இல் விற்றோரியோ டி சீக்கா இயக்கிய ‘நேப்பிள்ஸின் பொன்’ என்னும் படத்தில், சோபியா லோரன் அவ்வாறு கூவி விற்கும் காட்சியைக் காணலாம். கடன் சொல்லி உண்பவனும் மாவின் குற்றத்தைக் கூறத் தயங்கான். அடுத்த வாசலிலேயே வேறு கடை இருக்கின்றதே!

அந்நகரத்து எழுத்தாளர் மத்தில்டே செராவோ அம்மையார், நேப்பிள்ஸ் வாழ்வைப்பற்றி 1884 இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி கூறுகிறார். நேப்பிள்ஸ்காரர் ஒருவர் உரோமாபுரியிற் பீட்சாக் கடை திறந்தாராம். முதலிற் கூட்டம் மொய்த்தது. பின்பு குறைந்து, கடை நொடித்துப்போயிற்றாம். அதே உரோமாபுரியில் இன்று பீட்சாக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால், அங்குள்ளார் பலர் விரும்புவது நேப்பிள்ஸ் பீட்சாவை அன்று. அப்பளம்போல் மெல்லியதாய், மொறுமொறுவென்று, தம் பல்லுக்கு இசைந்ததையே கேட்டு வாங்குகின்றனர். நேப்பிள்ஸ்காரரோ அதனைப் பீட்சா என்று ஒப்புவதேயில்லை.