வைஹீக்கி தீவில் ஒரு நாள்



மார்ச் மாதம் ஆக்லாந்தில் மகள் வீட்டில் இருந்தபோது, ஒருநாள் வைஹீக்கி தீவுக்குப் போய்வந்தோம். படகில் 40 நிமிடம்.

முதலில் காட்டு நடை. பாதை தொடங்கும் இடத்தில் தூரிகையும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். காலணி மண்ணைத் தேய்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். கவ்ரி என்ற பெருமரத்தின் வேரை அழுகவைக்கும் நோய் மண்ணோடு ஒட்டிப் பரவுகிறதாம், குணப்படுத்த மருந்தில்லை. காவலுக்கு யாருமில்லை, ஆனாலும் எல்லோரும் தேய்த்தார்கள். (மழைக்காலத்தில் சேற்றுக்காலோடு வகுப்புக்கு வந்தவர்களே, கவனியுங்கள்!)

பிறகு திராட்சைத் தோட்டம். நம் கம்பம் பக்கம் கல்தூண் நட்டு, தலைக்கு மேல் பந்தல் போட்டு, அண்ணாந்து குலை வெட்டுவோம். இங்கே கொடி வேலிபோல் வரிசையாக நிற்கிறது, குலை இடுப்பளவில். பறவை கொத்தாமலிருக்க வலை. வடக்கு பார்த்த சரிவுக்குத்தான் மதிப்பு. தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும் என்று 30 வருடம் கரும்பலகையில் வரைந்தவன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஒயினை மகளும் மருமகனும் சுவைத்தார்கள். நான் கேட்டு வாங்கி ஒரு பழம் தின்றேன். சின்னப் பழம், தடித்த தோல், நல்ல இனிப்பு. நம் பன்னீர்த் திராட்சையின் மணம் இல்லை.

பந்தலைப் பிரித்துவிடலாமா என்று ஆறு மாதமாக யோசிக்கும் என் தம்பிக்கு வீடியோவில் காட்டினேன்.

"அதெல்லாம் சரிண்ணே, பழம் வெட்ட ஆள் கிடைக்குதா?"

நியூசிலாந்துத் தோட்டங்களுக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து பருவத்துக்கு ஆட்கள் வருவதைச் சொன்னேன்.

"இங்க பக்கத்து ஊர்லேர்ந்தே வரமாட்டேங்குறாங்க" என்றான்.

சுருளிப்பட்டிப் பக்கம் இன்னும் பந்தல் வைத்திருக்கும் மாணவர்கள், ஆளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று அவனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். எண் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள்.