புழுதியில் எழுதிய பெயர்

கோடை விடுமுறையில் எம் தங்கை மகன் சில நாள்கள் பங்கு இல்லத்தில் வந்து தங்கியிருந்தான். கணினிப் பொறியியல் பயிலும் மாணவன். ஓர் இரவு செபமாலை முடிந்தபின் அவன் கணினியில் விளையாடிக்கொண்டிருந்ததை அருகில் அமர்ந்து பார்த்தோம். படங்களே இல்லாத விளையாட்டு அது. கறுப்புத் திரையில் கோடுகளே சுவர்கள், எழுத்துகளே அரக்கர்கள். 1987-ஆம் ஆண்டு வெளிவந்த இந்த விளையாட்டிற்கு ‘நெட்ஹேக்’ என்று பெயராம். வீரன் ஒருவன் நிலவறைக்குள் அடுக்கடுக்காக இறங்கி, ஆழத்திலுள்ள ஒரு தாயத்தை மீட்டுவர வேண்டும். இடையில் இறந்தால் எல்லாம் முடிந்தது; மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

அரக்கர்கள் சூழ்ந்துகொண்டனர். தப்ப வழியில்லை. பையனோ வாளை ஓங்கவில்லை. வீரனைக் குனியச் செய்து, தரைப் புழுதியில் விரலால் ஒரு சொல்லை எழுதச் செய்தான். அடுத்த கணமே அரக்கர்கள் அஞ்சி விலகினர்.

“இது என்ன மந்திரம்?” என்றோம்.

“மந்திரம் இல்லை, சாமி மாமா. ஒரு பெயர். எல்பெரெத்” என்றான்.

அந்தப் பெயர் எமக்குப் புதிதன்று. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் பெருங்கதையில் வருவது அது. அவர் படைத்த மொழியில் ‘விண்மீன்களின் அரசி’ என்பது அதன் பொருள். கதையில் சிறியவன் ஒருவன் இருளின் அடியாள்களிடம் சிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். அவன் வாள் பகைவனின் மேலாடையை மட்டுமே கிழித்தது. அவன் அழைத்த பெயரே பகைவனை வாளினும் கொடிதாகத் தாக்கியது என்று பின்னர் அவனுடைய தோழர் கூறுகிறார். டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்கர். பன்னிரண்டு வயதில் தாயை இழந்து, ஒரு குருவானவரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். எல்பெரெத்தை நோக்கிய வேண்டல்களில் மரியன்னை பக்தியின் சாயலை வாசகர் ஒருவர் கண்டதை அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார். மன்றாட்டு மாலையில் அன்னையை விடியற்கால விண்மீனாகப் போற்றும் நமக்கு இது வியப்பளிக்காது.

அடையாளத்தின் காவலை நம் மறைநூலும் அறியும். எகிப்தில் இஸ்ரயேலரின் கதவு நிலைகளில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் இருந்தது. எசேக்கியேலின் காட்சியில், நகரின் அருவருப்புகளைக் கண்டு பெருமூச்சு விட்டவர்களின் நெற்றியில் அடையாளம் இடப்பட்டது. நாமும் வாசலில் சிலுவை பதிக்கிறோம், குருத்தோலையைச் செருகி வைக்கிறோம், உத்தரியம் அணிகிறோம். இவை நல்லவை.

ஆனால் அடையாளத்தை ஆயுதமாக்கியோர் கதையும் அங்கே உண்டு. பெலிஸ்தியரிடம் தோற்ற இஸ்ரயேலர் உடன்படிக்கைப் பேழையைப் போர்க்களத்திற்கே தூக்கிச் சென்றனர். 30,000 பேர் மடிந்தனர், பேழையும் பறிபோனது. ஸ்கேவாவின் புதல்வர் எழுவர் இயேசுவின் பெயரை மந்திரம்போல் உச்சரித்துக் காயத்தோடு ஓடினர். உள்ளத்தின் நிலையை விடுத்து, வெளிச்செயலே பலன் தரும் என்று எண்ணுவது மூடநம்பிக்கை என 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது.

விளையாட்டின் விதிகளைப் பையன் மேலும் விளக்கினான். அரக்கர் அஞ்சும் அந்தப் பெயருக்கு மனிதர் அஞ்சுவதில்லை. “கோயில் குருக்கள்கூட அஞ்சமாட்டார்கள்” என்று எம்மைப் பார்த்துச் சிரித்தான். புழுதியில் எழுதியது கலைந்துபோகும். மீண்டும் எழுத வேண்டும். 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்னொரு விதியும் வந்ததாம்: பெயரின்மேல் நின்றுகொண்டு வாளை வீசினால் பெயர் அழிந்துவிடும்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, திருவிழாக் கணக்கைப் பற்றிப் பெரியவர் ஒருவர் பங்குப் பேரவையில் கேள்வி எழுப்பினார். கேட்டதில் தவறில்லை. எமக்கோ சினம். அடுத்த ஞாயிறு தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் மறையுரையைத் தொடங்கி, பெயர் சொல்லாமலே அவரைச் சாடினோம். யாரைச் சொல்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். மறு ஞாயிறு அவர் இடம் வெறுமையாயிருந்தது. எதிர்ப்பு ஓய்ந்தது என்று அன்று மகிழ்ந்தோம். ஆண்டவரின் பெயரின்மேல் நின்றல்லவா வாள் வீசினோம்!

அடுத்த வாரம் அந்த ஊருக்குச் சென்றோம். அவர் வீட்டு நிலையில் ஒரு குருத்தோலைச் சிலுவை இருந்தது. அவ்வாண்டு ஓலைதான், பச்சை முழுதும் மாறவில்லை. பக்கத்து ஊர் ஆலயத்திற்குப் போய்வருகிறாராம். “வாங்க சாமி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். “நான் அன்று பேசியது பாவம், மன்னியுங்கள்” என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “வீட்டிலே சாப்பிட்டுத்தான் போகணும்” என்றார்.

அன்பர்களே, நம் நெற்றியிலும் கதவிலும் இட்ட அடையாளம் நம்மைக் காக்க வேண்டுமானால், முதலில் நம் கை வாளைக் கீழே வைக்க வேண்டும். ஒரு பெண்ணைக் கல்லெறிய நின்றோர் முன்னிலையில் நம் ஆண்டவர் குனிந்து தரையில் விரலால் எழுதினார். என்ன எழுதினார் என்று நற்செய்தி கூறவில்லை. ஆனால் கற்களோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிச் சென்றார்கள்.