கை நீளம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடுதி அறையைக் காலி செய்யும்போது எதையாவது பெட்டிக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். சோப்பு, ஷாம்பு கணக்கில் சேராது. அவை நமக்கென்றே வைத்தவை. நான் சொல்வது கரண்டி, கோப்பை, கோட் மாட்டி. வசதியில்லாமல் எடுத்ததில்லை. கொடுத்த வாடகைக்கு இதுகூட இல்லையா என்பது என் நியாயம்.

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஒரு துண்டு. நல்ல தடிமனான குளியல் துண்டு. அதைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, சூலிஸ் மினர்வா கோயிலின் இடிபாடுகளைப் பார்க்கப் போனேன். ரோமானியர் கட்டிய கோயில், இன்றைய தெருவுக்குக் கீழே கிடக்கிறது. பக்கத்திலேயே வெந்நீர் ஊற்று. 46 டிகிரிச் சூட்டில், நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் பொங்குகிறது. மிஞ்சிய நீர் ரோமானியரின் பழைய வடிகால் வழியாக இன்றும் ஏவன் ஆற்றுக்குப் போகிறது.

அந்த ஊற்றிலிருந்து சுமார் 130 தகடுகளை எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. பொருளைப் பறிகொடுத்தவர்கள் தேவிக்கு எழுதிச் சுருட்டிப் போட்ட சாபங்கள். நம்மூரில் காசு வெட்டிப் போடுவார்களே, அதே சங்கதி. சொலினஸ் என்பவருக்குக் குளியல் உடையும் மேலங்கியும் போயிருக்கின்றன. டொசிமெடிஸுக்கு இரண்டு கையுறைகள். எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்கிறார். திருடியது ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோ, யாரும் தப்பிவிடக் கூடாது என்று பல தகடுகளில் கவனமாக எழுதியிருக்கிறது.

கையுறைக்குக் கண்ணா என்று முதலில் சிரித்தேன். குளியல் உடை என்ற இடத்தில் சிரிப்பு நின்றது.

சாபத்துக்கு நான் பயப்படுகிறவன் இல்லை. உறுத்தியது வேறு. கையுறைக்காகத் தேவியிடம் போனவர்கள் மாளிகைவாசிகளாக இருக்க முடியாது. என் துண்டுக்குப் பதில் சொல்லப்போவதும் விடுதி முதலாளி அல்ல. அறையைச் சுத்தம் செய்த பெண். இது எனக்கு அங்கே உதித்த ஞானமும் இல்லை. எப்போதும் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. பெட்டி விடுதியின் வரவேற்பறையில்தான் கிடந்தது, திறந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. புல்ட்னி பாலத்தருகே நின்று ஏவன் ஆறு தடுப்பணைப் படிகளில் இறங்குவதைப் பார்த்துப் பொழுதைக் கழித்தேன். மானம் போய்விடுமே என்ற கூச்சம், அவ்வளவுதான்.

துண்டு வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் தபால் செலவு அதன் விலையைத் தாண்டும் என்று விசாரித்தும் வைத்திருக்கிறேன்.