சாகாவுக்கும் ஒரு முடிவு உண்டு



உங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறதா? காலையில் மூன்று தடவை சாவியைத் திருகினால்தான் அதற்கு உயிர் வருகிறதா? “இதை எப்போதுதான் தள்ளிவிடப் போகிறீர்கள்?” என்று வீட்டில் கேட்கிறார்களா? அப்படியானால் இது உங்களுக்காக எழுதியதுதான்.

புதுக் கார் வாங்க யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டு போகிறோம், மாலை போடுகிறோம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆனால் உழைத்துத் தேய்ந்த காரை வழியனுப்ப நம்மிடம் ஒரு சடங்கும் இல்லை. அதனால்தானோ என்னவோ, பலர் அதை அனுப்பவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் தவிக்கிறார்கள்.

எங்களுடையது புரோட்டோன் சாகா, 1.3. நம் நாட்டின் முதல் தேசியக் கார். 1985 ஜூலை 9-ஆம் நாள் வெளிவந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் துணையோடு ஷா ஆலாமில் உருவானது. சாகா என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் சிவப்பு விதையைத்தான் நம் முன்னோர் மஞ்சாடி என்று சொல்லித் தங்கம் நிறுக்கப் பயன்படுத்தினார்கள். தமிழ் படித்தவர்களுக்கு ‘சாகா’ என்றால் சாகாதது என்றும் தோன்றும் அல்லவா? அதைச் சொல்லியே எங்கள் வீட்டில் பல காலம் சிரித்திருக்கிறோம்.

1989-ல் அதைப் பழைய காராக வாங்கினோம். அப்போது நான் தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஸ்டோர் கிராணி. எங்கள் லயத்தில் மோட்டார் சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயம். முன்பணத்துக்கு நான் கட்டி வந்த கூட்டுப் பணம் 2,000 வெள்ளி கைகொடுத்தது. குறைந்ததற்கு அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அடகுக் கடையிலிருந்து அதை மீட்க எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவரை வெறுங்கழுத்தோடுதான் மரம் வெட்டப் போனார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாகப் பால் வெட்டப் போனவர் அவர். டவுனுக்குப் போவதென்றால் தோட்டத்து லோரியின் பின்னால் நின்றுகொண்டுதான் போவார். முதன்முதலாக அவரைச் சாகாவில் ஏறச் சொன்னபோது, வீட்டுக்குள் நுழைவது போலச் செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டு ஏறினார். பாதி வழி போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது! அதன் பிறகும் அவர் செருப்போடு ஏறியதில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அந்தக் கார் எங்களுக்கு மட்டுமா ஓடியது? நடுச்சாமத்தில் கதவைத் தட்டுவார்கள். “அண்ணே, வலி கண்டிருச்சு, கொஞ்சம் வாங்கண்ணே!” என்பார்கள். தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்கு அப்படிப் போய்ப் பிறந்த பிள்ளைகள் ஐவர். பெட்ரோலுக்கென்று காசு நீட்டினால் அம்மா வாங்க விடமாட்டார். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு அதில் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு போனோம் என்பதை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது!

1994-ல் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கும்வரை, கோலாலம்பூருக்குப் போவதென்றால் சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று பழைய சாலையில் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். சாகா சலிக்காமல் போகும். பின்னர் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாயின. நாங்களும் பீடோருக்குக் குடிவந்தோம். எங்கள் தோட்டத்து வாழ்க்கையில் கையோடு கொண்டு வர முடிந்தது அந்தக் கார் ஒன்றுதான். 2004-ல் அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதன் பின் இருக்கையில்தான்.

2009-ல், பத்து வயது தாண்டிய காரை ஒப்படைத்துப் புதுத் தேசியக் கார் வாங்குவோருக்கு 5,000 வெள்ளி சலுகை வந்தது. சாகா நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் நாங்கள் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. கிளட்ச், கார்புரேட்டர், ரேடியேட்டர் என்று கழற்றி மாட்டக்கூடியவற்றை எல்லாம் மாற்றிக்கொண்டே வந்தோம்.

கழற்ற முடியாத ஒன்று உண்டு, வாசகர்களே. அதுதான் காரின் உடல். பழைய காலத்து ஜீப்பிலும் லோரியிலும் சட்டம் தனி, கூடு தனி. சாகா போன்ற கார்களில் கூடுதான் எலும்பு. அதில் துரு பிடித்தால் எலும்பு உளுத்தது போல. முப்பது ஆண்டுக்கு மேல் மழையில் நனைந்த இரும்பு துருப்பிடிப்பதற்குச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

2023-ல் பட்டறைத் தவுக்கே காரை மேலே தூக்கி வைத்து, கதவுக்குக் கீழே ஸ்குரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது. முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடமும் அரித்திருந்தது. “எஞ்சின் போலே பைக்கி. போடி சுடா ஹபிஸ்,” என்றார். எஞ்சினைப் பிரித்துக் கட்ட, அரித்த இடங்களை வெட்டி ஒட்ட, சாயம் அடிக்க என்று அவர் போட்ட கணக்கு 9,000 வெள்ளியைத் தாண்டியது. அப்படிச் செய்தாலும் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி துரு கிளம்பும் என்றும் சொன்னார். பழைய இரும்பாக எடைக்குப் போட்டால் 850 வெள்ளி.

ஊழியர் சேம நிதியில் மிஞ்சியிருந்த பணத்தை எடுத்துச் செலவழிக்கவும் என் மனம் துணிந்தது. ஆனால் அந்தக் காரில்தான் தினமும் பேரப்பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளிக்குப் போய் வந்தார்கள். அன்று இரவு என் மனைவி ஒன்று சொன்னாள்: “அத்தை இருந்திருந்தா, காரு பெருசா புள்ளைங்க பெருசான்னு கேட்டிருப்பாங்க. சங்கிலியையே கழட்டிக் குடுத்தவங்க, இரும்பைப் பிடிச்சிக்கிட்டா நிப்பாங்க?”

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

உங்களுக்கும் அந்த நாள் வரும். அப்போது சில காரியங்களை மறக்காதீர்கள். நெஞ்சைக் கேட்பதற்கு முன் பட்டறையைக் கேளுங்கள். முடிந்தால் இரண்டு பட்டறைகளில் கேளுங்கள். எஞ்சின் கெட்டால் மாற்றலாம். பாரம் தாங்கும் இடம் அரித்துவிட்டால் அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். யாரிடமாவது காரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி பதிவை ரத்து செய்து, அதற்கான தாளைப் பத்திரப்படுத்துங்கள். பதிவு உங்கள் பெயரிலேயே இருந்தால், நாளை அந்த எண்ணில் நடக்கும் எதற்கும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

நல்ல பாகங்களை முதலில் கழற்றிக் கொடுங்கள். பழைய சாகாவை இன்னும் ஓட்டுகிறவர்கள் கதவுக் கைப்பிடிக்கும் விளக்குக் கண்ணாடிக்கும் அலைகிறார்கள். எங்கள் காரின் கார்புரேட்டரும் இரண்டு கதவுகளும் தாப்பாவில் ஒரு மலாய்க்காரப் பெரியவரின் காரில் இப்போது ஓடுகின்றன. அம்மா குங்குமம் வைத்த முருகன் படத்தை மட்டும் எடுத்து, மகனின் காரில் ஒட்டினோம்.

கடைசியாக, காரை அனுப்பும் நாளில் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, அது யார் யாரை எங்கெங்கே கொண்டு போய்ச் சேர்த்தது என்று சொல்லுங்கள். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவரைப் பற்றியும் சொல்லுங்கள். இரும்பு எடைக்குப் போய்விடும். அந்தக் கதை உங்கள் பிள்ளைகளிடம் இருக்கட்டும்.