நீலப் படமும் எங்கள் நாற்சார் வீடும்

இரசாயன ஆய்வுகூடத்திலே பெரசு உப்புக் கரைசலிற் பொற்றாசியம் பெரிசயனைட்டுத் துளிகள் விழுந்ததும் சோதனைக் குழாயிற் கருநீலம் தோன்றியதை, எம் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றோர் மறந்திரார். அந்நீலம் எழுபதாம் வயதிலே மீண்டும் என்னைத் தேடி வருமென நான் எண்ணியதில்லை.

என் தந்தையார் படவரைஞர். நல்லூரில் நாம் வாழ்ந்த நாற்சார் வீட்டினை அவரே வரைந்து, நீலப் படமாகப் பிரதி எடுத்துப் பெட்டகத்திலே சுருட்டி வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பெட்டகத்தை விட்டுச் சென்றோம். திரும்பியபோது வீடும் இல்லை, படமும் இல்லை.

சென்ற ஆண்டு, நுண்கலை பயிலும் என் பேத்தி, கொழும்பிற் பயிற்சிப் பட்டறையொன்றிலே நீலத்தாளிற் பதித்த வேப்பிலையொன்றைக் கொண்டுவந்தாள். 1842 இல் சேர் யோன் ஏர்செல் கண்ட முறை அது. மறு ஆண்டே அன்னா அற்கின்சு அம்மையார் கடற்பாசிகளை இவ்வாறு பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். படவரைஞரிடம் அது வந்தது பின்னரே.

“பிள்ளை, இது உன் பூட்டனாருடைய தொழிலல்லவா!” என்றேன்.

“அப்படியென்றால் வீட்டை வரையுங்கோ, அப்பப்பா” என்றாள்.

ஒளி புகும் தாளிலே நினைவிலிருந்து கோடிட்டேன். களஞ்சிய அறையின் கதவு கிழக்கே என்பது என் நினைவு. “தெற்கே, தம்பி! அம்மா நெல் எடுத்து வந்த வழி எனக்குத் தெரியாதா?” எனக் கனடாவிலிருந்து அக்கா சினந்தார். இரு கதவுகளையும் வரைந்தேன்.

பெரிக்கு அமோனியம் சித்திரேற்றையும் பெரிசயனைட்டையும் தனித்தனியே கரைத்துக் கலந்து, இருட்டறையிலே தாளிற் பூசி உலர்த்தினோம். அதன்மேற் படத்தை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, முற்றத்து வெயிலிற் பத்து நிமிடம் கிடத்தினோம். வெயில் பட்ட இடத்தில் பெரிக்கு இரும்பு பெரசு இரும்பாகி நீலம் பிறக்கின்றது. கோட்டின் நிழலிலே தாள் வெண்மையாய் எஞ்சுகின்றது.

கிணற்று நீரிற் கழுவினோம். வீடு கண்முன்னே வெளிறியது. மூன்று தாள்கள் இவ்வாறு போயின. நமது சுண்ணக்கற் பூமியின் நீரிற் காரம் உண்டு. காரம் இந்நீலத்தைத் தின்றுவிடும். இதனை இரசாயனம் படித்தவனே அறியாதிருந்தேன் என்பது வெட்கம்தான். நான்காம் முறை, மாரியிற் சேர்த்த மழைநீரிலே தேசிக்காயைச் சிறிது பிழிந்து கழுவினோம். நீலம் நின்றது.

அக்காவுக்குப் படம்பிடித்து அனுப்பினேன். இரு கதவுகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிணறு மட்டும் இன்னும் இரண்டடி வடக்கே போகவேண்டுமாம்.